ஓல்டெகாம்பின் கையெழுத்தும் றீற்றா அக்காவின் இரண்டு விரல்களும்

"செவ்வாய், பிற்பகல் 2.20. ஐந்தாம் அறை. பெண் பார்வையாளர் ஒருவர், வயது ஏறக்குறைய அறுபது, இலக்கம் 14 படத்தின் கீழ் இடது மூலையை வலது கை விரல்களால் தொட்டார். அலாரம் அடித்தது. அவர் எச்சரிக்கப்பட்டார். கண்ணுக்குத் தெரிந்த சேதம் இல்லை. ஒப்பம்: மரியதாஸ்."

நான் காவலாளியாக இருந்த ஓவிய நூதனசாலையின் சம்பவப் பதிவேட்டில், சென்ற வருடம் பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, என் கையால் எழுதிய குறிப்பு இது. மூலம் ஜேர்மன் மொழி, தமிழ் என்னுடையது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதாமல் விட்டது ஒன்றுதான். அந்தப் பெண் பார்வையாளர் என் மனைவியின் அக்கா.

நூதனசாலையின் பெயரை இங்கே சொல்லவில்லை. டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். ஜேர்மன்காரர் பேசியதையும் என் வீட்டுத் தமிழிலேயே தருகிறேன். வேறு தமிழில் அவர்களைப் பேசவைக்க எனக்கு வராது. இந்த வேலைக்கு இப்போது நம்மவர்களில் இளையவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஐந்தாம் அறை

பதினொரு வருடம் அந்த அறையில் நின்றேன். கதிரை ஒன்று இருந்தது. ஆனால் பார்வையாளர் இருக்கும்போது அதில் இருக்கக்கூடாது. பார்வையாளர் இல்லாதபோது இருக்கவேண்டிய தேவை இல்லை. புத்தகம் கூடாது, கைபேசி கூடாது, சுவரில் சாயக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி, படங்களைப் பற்றி யாருக்கும் எதுவும் விளக்கக்கூடாது என்பது. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வருவார்கள். மற்ற நாட்களில் பார்வையாளர் என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். கழிப்பறை எங்கே? இது அசலா? முதற் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தது.

இலக்கம் 14 ஓர் ஒல்லாந்துப் பெண்ணின் உருவப்படம். பதினேழாம் நூற்றாண்டு, பலகையில் எண்ணெய் வர்ணம். கறுப்பு உடுப்பு, தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்ட வெள்ளை மடிப்புப் பட்டி, கையில் கொக்கி வைத்த சிறிய செபப் புத்தகம். பார்வை நேராக நம்மேல் விழும். வீட்டுக்கு வந்தவன் எதை விற்க வந்திருக்கிறான் என்று யோசிக்கும் பார்வை. கணவர் கிழக்கிந்தியக் கம்பனியில் கறுவா வியாபாரம் செய்தவர் என்று சுவர் அட்டையில் இருந்தது. வரைந்தவர் பீட்டர் வான் ஓல்டெகாம்ப், லைடன் நகரத்தவர். கீழ் இடது மூலையில் அவருடைய கையெழுத்தும் அதன் கீழ் ஓர் ஆண்டும் இருந்தன.

ஓல்டெகாம்பைப் பற்றி நகர நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ரொட்டி சுடுபவரின் மகன். முகத்தைத் தானே வரைவார். உடுப்பை மாணவர்களிடம் விடுவார். அது அந்தக் காலத்துப் பட்டறை வழக்கம், ஏமாற்று அல்ல. கைகளையும் அவர் பிறரிடம் விடமாட்டார் என்று ஒரு புத்தகம் சொன்னது. ஆனால் எங்கள் படத்தில் புத்தகம் பிடித்த கையின் பெருவிரல் நீளம் கூடியது. ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலம் பார்ப்பவனுக்கு அது தெரியும். இன்னொன்றும் தெரிந்தது. படத்தில் எழுதியிருந்த ஆண்டுக்கு இரண்டு வருடம் முன்பே ஓல்டெகாம்ப் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

இதை எங்கள் தலைமைக் காவலரான ஃபிராவ் கிறாமர் அம்மையாரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் நூதனசாலையின் நிரந்தர ஊழியர். நாங்கள் வெளியிலிருந்து வந்த காவல் நிறுவனத்தின் ஆட்கள்.

"ஆண்டின்ர கடைசி இலக்கம் ஆரோ படத்தைத் திருத்தேக்க பிழைச்சிருக்கும் எண்டு கற்றலொக்கில போட்டிருக்கு," என்றார்.

"அந்தப் பெருவிரலும் பிழைச்சுதோ?"

"ஹெர் மரியதாஸ், உங்களுக்குச் சம்பளம் படத்தைப் பாக்கிறதுக்கில்லை. ஆக்களைப் பாக்கிறதுக்கு."

அதன் பிறகு நான் ஆட்களைப் பார்த்தேன்.

அந்தச் செவ்வாய்

றீற்றா அக்கா மன்னாரில் பெண்கள் பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடம் வரலாறு. மூன்று மாத விசாவில் எங்களிடம் வந்திருந்தார். ஜேர்மனியக் குளிருக்கு அவருடைய விரல்கள் வெடித்தன. மருந்துக்கடைக் களிம்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த போத்தலில் இருந்து காலையும் மத்தியானமும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார். எங்கள் வீடு அந்த மூன்று மாதமும் மன்னாராக மணத்தது.

வேலையிடத்துக்கு உறவினர் வந்தால் முன்கூட்டியே ஃபிராவ் கிறாமருக்கு அறிவித்து, அன்றைக்கு வேறு அறைக்கு மாறவேண்டும். அது எழுத்தில் உள்ள விதி. றீற்றா அக்கா எனக்கே அறிவிக்கவில்லை. ரயில் ஏறி, இரண்டு இடத்தில் வழி கேட்டு, நுழைவுச்சீட்டு எடுத்து, ஐந்தாம் அறைக்குள் வந்து நின்றார்.

"தம்பி, உதுதானோ வேலை? சும்மா நிக்கிறியே."

"அக்கா, மெல்லக் கதையுங்கோ. நான் இப்ப கதைக்க ஏலாது."

"நீ கதைக்க வேண்டாம். நான் கேக்கிறன், தலையாட்டு." பதினான்காம் படத்தின் முன் போய் நின்றார். நீண்ட நேரம் பார்த்தார். "ஆர் இந்த சிஸ்டர்? எங்கட கொன்வென்ற் மதர் மாதிரியே கிடக்கு. அவவும் இப்பிடித்தான் பாப்பா, வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளையைப் பாக்கிற மாதிரி."

எனக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் படத்தைப் பற்றி விளக்கக்கூடாது. வேலை நேரத்தில் மனைவியின் அக்காவும் பார்வையாளர்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவில் ஓர் ஒழுங்கு இருப்பதாக எனக்குத் தோன்றியது.

"பக்கத்தில அட்டையில எழுதியிருக்கு, வாசியுங்கோ."

"ஜேர்மனில எல்லோ எழுதியிருக்கு."

அந்த நேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கூட்டம் அறைக்குள் வந்தது. முதுகில் பையோடு உள்ளே வரக்கூடாது. திரும்பும்போது பை படத்தில் இடிக்கும். நான் பைகளைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். றீற்றா அக்காவின் இரண்டு விரல்கள் படத்தின் கீழ் மூலையிலிருந்து அவருடைய உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. மன்னார்க் கத்தோலிக்கருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோயிலில் புனிதரின் சுருவத்தின் பாதத்தையோ படத்தின் கீழ்ப்பக்கத்தையோ தொட்டு, விரலை முத்திவிட்டுத்தான் விலகுவோம். அதில் யோசிக்க எதுவும் இல்லை. கை தானாகவே போகும். அலாரச் சத்தத்தில் திடுக்கிட்டு அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். பத்தாம் வகுப்பு கைதட்டியது.

நான் கிட்டப் போய், பதினொரு வருடப் பழக்கத்தில், ஜேர்மனில் எச்சரித்தேன்.

"என்னடா, என்னோட ஜேர்மன் கதைக்கிறாய்?"

"அக்கா, அது சிஸ்டர் இல்லை," என்று மெதுவாகச் சொன்னேன். "ஒல்லாந்து வியாபாரியின்ர மனிசி. கம்பனிக்காரன். புரட்டஸ்தாந்து."

றீற்றா அக்கா தன் விரல்களைப் பார்த்தார். "ஒல்லாந்துக்காரியே? எங்கட கோயில்களைப் பூட்டி, சுவாமிமாரைக் கலைச்ச ஆக்களே? முப்பது வருசம் படிப்பிச்சனான்! முதலே சொல்லியிருக்கலாமே!"

"படத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது எண்டது இங்கத்தைச் சட்டம்."

"உன்ர சட்டத்தில நான் ஒல்லாந்துக்காரியை முத்திப்போட்டன்," என்று கைலேஞ்சியை எடுத்து உதட்டைத் துடைத்தார்.

ஒரு சொல்லை விட்டது ஏன்

அந்த வசந்தத்தில் காவல் ஒப்பந்தம் இன்னொரு நிறுவனத்துக்குப் போக இருந்தது. பழைய ஆட்களில் யாரை வைத்துக்கொள்வது என்று புதிய நிறுவனம் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தால் பட்டியலில் இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அறிவிக்காமல் உறவினரை அறையில் வைத்திருந்தேன், அந்த உறவினர் படத்தைத் தொட்டார். அப்படி எழுதினால் கடிதம் நிச்சயம். எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. அந்த வயதில் இன்னோர் இடத்தில் போய், பதினொரு வருடம் நன்றாக நின்றேன் என்று சொல்லி வேலை கேட்க முடியாது.

எனவே "பெண் பார்வையாளர் ஒருவர்" என்று எழுதினேன். வீட்டில் என் சொந்தக் குறிப்பேட்டில் மட்டும் பெயரை எழுதினேன். நாள் தவறாமல் எழுதும் பழக்கம் எனக்கு இருபத்தாறு வருடமாக உண்டு. ஒரே நாளைப் பற்றி இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாக எழுதியது அதுதான் முதல் தடவை.

பஞ்சில் வந்த பெயர்

வெள்ளிக்கிழமை படத்தை இறக்கி, படங்களைப் பழுதுபார்க்கும் அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொறுப்பாளர் ஹெர் ஃபோக்ட், நீளமான, சத்தம் குறைந்த மனிதர். தொட்ட இடத்தைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். புறஊதா விளக்கின் கீழே இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறை தெரிந்தது. அவர் பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்து, ஓரத்தை மெல்ல ஒற்றி, மூக்கருகே கொண்டுபோனார்.

"ஒலிவ் எண்ணெய் இல்லை. கைக்குப் பூசிற கிறீமும் இல்லை. மணந்து பாருங்கோ."

மணந்தேன். என் வீட்டுக் குளியலறை.

"எனக்குத் தெரியேல்லை," என்றேன்.

எழுதாமல் விட்டது ஒன்று. வாயால் சொன்ன பொய் இன்னொன்று.

அவர் வேறொரு குச்சியை ஏதோ திரவத்தில் நனைத்து, கறையைத் துடைக்கத் தொடங்கினார். மூன்றாவது தடவை நிறுத்தினார். பஞ்சு பழுப்பாகியிருந்தது. படத்தைப் பார்த்தேன். ஓல்டெகாம்பின் முதல் எழுத்து இல்லை.

ஹெர் ஃபோக்ட் குச்சியைக் கீழே வைத்தார். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இது வார்னிஷுக்கு மேல எழுதினது. கனகாலத்துக்குப் பிறகு ஆரோ எழுதியிருக்கினம். உண்மையான வர்ணம் எண்டால் இப்பிடிக் கழண்டு வராது."

"அப்ப ஆண்டு?"

"அதுவும் அதே கைதான்." என்னைப் பார்த்தார். "ஏன் கேக்கிறியள்?"

"அந்த ஆண்டில ஓல்டெகாம்ப் உயிரோட இல்லை."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நூலகம்."

நான் காட்டாமலே அவர் பெருவிரலையும் பார்த்தார். "இந்தக் கையை வரைஞ்சவர் வேற," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

இரண்டு வாரத்துக்குப் பின் மிச்ச எழுத்துகளையும் நிதானமாக எடுத்தார்கள். அதன் அடியில் வேறு பெயர் இல்லை. படம் திரும்ப ஐந்தாம் அறைக்கு வந்தபோது புதிய அட்டையில் "ஒல்லாந்து ஓவியர், பெயர் தெரியவில்லை" என்று இருந்தது. அட்டையை வாசித்துவிட்டுப் படத்தைப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இப்போது அட்டையோடு நின்றார்கள். ஒருவர் என்னிடம் வந்து, நல்ல படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாம் கேள்வி அதுதான். பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

இரண்டு கடிதங்கள்

மார்ச் மாதம் ஃபிராவ் கிறாமர் என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். மேசையில் இரண்டு கடிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று சட்டப் பிரிவிலிருந்து. படத்தைத் தொட்ட நபரின் விவரம் வேண்டும். நட்டம் கோருவது பற்றி ஆராயப்படுகிறது. மற்றது செய்தித் தொடர்புப் பிரிவிலிருந்து. ஒரு பார்வையாளரின் விரலால் பெரிய உண்மை வெளிவந்தது என்று பத்திரிகைக்குச் சொன்னால் நல்லது. அந்த அம்மையாரைக் கண்டுபிடித்து அழைக்க முடியுமா?

"ஒருத்தர் வழக்குப் போடப் போறார். மற்றவ பூச்செண்டு குடுக்கப் போறா. ரெண்டு பேருக்கும் ஒரே மனிசி வேணும்," என்றார் ஃபிராவ் கிறாமர். "நீங்கள் ஆக்களைப் பாக்கிறனீங்கள்தானே. ஆர் அவ?"

"ஞாபகமில்லை," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பதினொரு வருடத்தில் எந்த மின்குமிழ் எந்தக் கிழமை எரியாமல் போனது என்று கேட்டால்கூடச் சொன்னவன் நான்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி, வேலையைக் காப்பாற்றப் பேசாமல் இரு என்றார். றீற்றா அக்கா கேட்டது வேறு.

"பதிவில என்னை என்னெண்டு எழுதினனீ?"

"பெண் பார்வையாளர் ஒருவர்."

"ஒருவரோ?" கோப்பையைத் தள்ளி வைத்தார். "எனக்குப் பேர் இல்லையே? முப்பது வருசம் ஊரே பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிசியை நீ ஒருவர் எண்டு எழுதிப்போட்டு வந்து சோறு தின்னுறாய்."

"அக்கா, வழக்குப் போட்டாலும் போடுவாங்கள்."

"போடட்டும். நான் தொட்டனான். ஓம் எண்டு சொல்லுவன். என்ர பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளை கண்ணாடியை உடைச்சுப்போட்டு, ஆரோ உடைச்சது எண்டு சொன்னால் நான் என்ன செய்வன் தெரியுமோ?"

"அடிப்பியள்," என்றார் மனைவி.

"அடிக்க மாட்டன். பேரை எழுதச் சொல்லுவன். எழுது தம்பி. முழுப்பேர். அதிபர் எண்டதையும் போடு. ஓய்வுபெற்ற எண்டு போட வேண்டாம், அது உங்களுக்குத் தேவையில்லாத விசயம்."

இணைப்புத் தாள்

அடுத்த நாள் ஒரு தனித் தாளில், றீற்றா அக்காவின் முழுப்பெயரோடு (இங்கே அதைச் சுருக்கியிருக்கிறேன்), எழுதினேன். "பெப்ரவரிக் குறிப்புக்கு இணைப்பு. மேற்படி பார்வையாளர் திருமதி றீற்றா, அதிபர், மன்னார். என் மனைவியின் சகோதரி. அவர் வருவது எனக்கு முன்பே தெரியாது. ஆனால் வந்த பின்பும் நான் அறிவிக்கவில்லை. கறை தேங்காயெண்ணெய். ஹெர் ஃபோக்டுக்கும் ஃபிராவ் கிறாமருக்கும் நான் சொன்னது உண்மையல்ல." அதைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தோடு சேர்த்துத் தைத்தேன்.

ஃபிராவ் கிறாமர் இரண்டு தடவை வாசித்தார். "அதிபர் எண்டு போடத்தான் வேணுமோ?"

"அது அவவின்ர நிபந்தனை."

"நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் எனக்குச் சுகம்," என்றார். ஆனால் தாளைக் கழற்றவில்லை.

பிறகு நடந்தவை ஒழுங்காகவே நடந்தன. சட்டப் பிரிவு வழக்கைக் கைவிட்டது. பொய்க் கையெழுத்து அழிந்ததற்கு நட்டம் கேட்டால், அதற்குப் பெறுமதி இருந்தது என்று நூதனசாலையே நிரூபிக்க வேண்டிவரும். செய்திப் பிரிவு பூச்செண்டைக் கைவிட்டது. காவலாளியின் உறவினருக்குப் பூக்கொடுப்பது பத்திரிகையில் நன்றாக இருக்காதாம். "வழக்கமான பரிசோதனையின்போது" கையெழுத்து போலி என்று தெரியவந்ததாக அறிக்கை வெளியானது. இரண்டு பிரிவுக்கும் மிஞ்சியவன் நான் ஒருவன். காவல் நிறுவனம் எச்சரிக்கைக் கடிதம் தந்தது. புதிய நிறுவனத்தின் பட்டியலில் காவலாளிகளுக்குள் என் பெயர் இல்லை.

கடைசி வாரத்தில் ஃபிராவ் கிறாமர் புதிய நிறுவனத்தாரோடு கதவை மூடிக்கொண்டு அரை மணித்தியாலம் பேசினார். வெளியே வந்து சொன்னார்: "உங்களைப் படத்துக்குப் பக்கத்தில விட ஏலாதாம். கோட்டுக்குப் பக்கத்தில விடலாமாம்."

அதுமுதல் நான் கீழ்த்தளத்தில், பார்வையாளரின் கோட்டுகளையும் குடைகளையும் வாங்கி இலக்கம் கொடுக்கிறேன். கதிரை உண்டு, அதில் இருக்கலாம். பேசவும் தடை இல்லை. ஓவியத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்ற விதி காவலாளிகளுக்கு மட்டும்தான் என்று விசாரித்து அறிந்தேன். ஆகவே கோட்டைக் கொடுப்பவர் கேட்டால், ஐந்தாம் அறைக்குப் போய் பெருவிரலைப் பாருங்கள் என்கிறேன். சிலர் திரும்பி வந்து, நீளம்தான் என்கிறார்கள். முன்பு பதினொரு வருடத்தில் இப்படி ஒருவரோடும் பேசியதில்லை.

றீற்றா அக்கா ஏப்ரலில் ஊருக்குப் போனார். போவதற்கு முன் இன்னொரு தடவை வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "வரைஞ்சவன்ர பேர்தானே போனது. மனிசி அப்பிடியே நிக்கிறா," என்று கீழே வந்து சொன்னார். பிறகு, "அவவுக்கும் பேர் போடேல்லை, கவனிச்சியே?" என்றார். கவனித்திருந்தேன். பழைய அட்டையிலும் அவர் "வியாபாரியின் மனைவி" மட்டும்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சம்பவத்தை அன்றைக்கே எழுதுங்கள், நேரம் போடுங்கள், ஆளைத் தெரிந்தால் பெயரையும் போடுங்கள். விட்ட பெயரை ஒரு மாதம் கழித்து எழுதினால், நடந்ததற்காக அல்ல, அந்த ஒரு மாதத்துக்காகத்தான் தண்டனை. என்றாலும் எழுதுங்கள்.

புதிய நிறுவனம் சம்பவங்களைக் கணினியில் பதிகிறது. பழைய பதிவேடுகள் ஊருக்கு வெளியே உள்ள களஞ்சியத்துக்குப் போய்விட்டன. போகும்போது தைத்த தாள்களையும் ஒட்டிய தாள்களையும் கழற்றி வீசியதாக அங்கே பெட்டி ஏற்றிய ஒருவர் சொன்னார். எல்லாவற்றையுமா, சிலவற்றையா என்று அவருக்கு நினைவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்க எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து மன்னாரிலிருந்து அழைப்பு வரும். "என்ர பேர் கிடக்கோ?" என்று றீற்றா அக்கா கேட்பார். இதை எழுதும் நாள்வரை அனுமதி வரவில்லை. அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.